வெடித்த களிமண்ணுக்குப் பாக்டீரியா: ஒரு குட்டைக் கரையில் செய்து பார்த்தது

பின்னணி

ஒரு பாசனக் குட்டை. அடியிலும் உள்சரிவிலும் களிமண்ணைக் கொட்டி, நனைத்து, உருளையால் இறுக்கிக் கட்டியது. தண்ணீர் நிறைந்திருக்கும் மாதங்களில் ஒரு குறையும் இல்லை. மட்டம் இறங்கி உள்சரிவு வெளியே தெரிய ஆரம்பித்ததும் மண் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். மறுபடி தண்ணீர் ஏறும்போது, வெடிப்பு ஊறி மூடுவதற்குள் அதன் வழியாக நிறையத் தண்ணீர் கரைக்குள் இறங்கிவிடும்.

ஊறினால் களிமண் தானே மூடிக்கொள்ளும் என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. மேலே பார்த்தால் மூடியதுபோலத்தான் இருக்கும். உள்ளே உதிர்ந்த மண்ணும் தூசியும் விழுந்து நிரம்பிய பழைய பிளவு அப்படியே கிடக்கும். அடுத்த முறை காயும்போது பெரும்பாலும் அதே இடத்தில்தான் வாய் திறக்கும்.

குட்டையின் உரிமையாளர் எங்கள் மண் ஆய்வகத்துக்கு வருவதற்கு முன்பே இரண்டு வழிகளை முயன்றிருந்தார். முதலில் புதுக் களிமண்ணைக் குழைத்து வெடிப்பில் அடைத்தார். அடைத்த மண்ணும் காய்ந்து சுருங்கியது. பழைய வெடிப்புக்குள் ஒரு புது வெடிப்பு. அப்புறம் சிமென்ட் பால் ஊற்றினார். அது கல்லாக இறுகியது, சுற்றியிருந்த மண் மட்டும் சுருங்கி விலகியது. ஒரு வெடிப்பு இருந்த இடத்தில், சிமென்டின் இரண்டு பக்கமும் இரண்டு இடைவெளி. இந்த இரண்டாவது தோல்வியை நாங்கள் இன்னும் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் பக்கம் மூன்று பேர்: மண் பொறியியல் பார்க்கும் நான், நுண்ணுயிரியல் படிக்கும் ஒரு மாணவி, ஆய்வகத்தில் பல வருடங்களாக இருக்கும் மூத்த உதவியாளர் ஒருவர்.

கரையில் பார்த்தது

மட்டம் இறங்கியிருந்த நேரத்தில் போனோம். உள்சரிவில் மூன்று பட்டைகள் தெளிவாகத் தெரிந்தன. தண்ணீர் ஓரத்தில் சேறு, வெடிப்பே இல்லை. அதற்கு மேல் மயிரிழை விரிசல்கள். அதற்கும் மேலே விரல் நுழையும் வெடிப்புகள். முனை மழுங்கிய மெல்லிய கம்பியை உள்ளே விட்டு ஆழம் பார்த்தோம். பல இடங்களில் ஒரு சாண் வரை தடையில்லாமல் இறங்கியது. எல்லாவற்றிலும் மோசம், தண்ணீர் வெளியேறும் பிளாஸ்டிக் குழாய் கரைக்குள் நுழையும் இடம். குழாய் அசையாது, மண் மட்டும் சுருங்கும். குழாயைச் சுற்றி வளையமாக இடைவெளி விழுந்திருந்தது.

வெடிப்புகள் ஒன்றோடொன்று சேரும் மூலைகளையும் பார்த்தோம். புதிதாகக் காயும் களியில் ஒரு வெடிப்பு இன்னொன்றின் மேல் செங்குத்தாகப் போய் முட்டும். பலமுறை நனைந்து காய்ந்த மண்ணில் அந்த மூலை மெல்ல மாறி, மூன்று கைகளும் ஏறக்குறைய 120 டிகிரியில் பிரியும். கரையில் இருந்தவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. அதாவது ஒவ்வொரு முறையும் புதிதாக வெடிக்கவில்லை. பழைய வலையே திரும்பத் திரும்பத் திறக்கிறது. பழைய வெடிப்பை ஒட்டவைக்க முடிந்தால் பலன் இருக்கும் என்று நாங்கள் நினைத்ததற்கு இதுதான் காரணம்.

வெடிப்பு ஏன் வருகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். சுருங்குவது மட்டும் வெடிப்பை உண்டாக்காது. தடையில்லாமல் சுருங்க முடிந்தால் களிமண் கட்டி முழுசாகவே சிறுத்துப்போகும். மேற்பரப்பில் நீர் ஆவியாகும்போது, துகள்களுக்கு இடையே மிஞ்சிய நீர் அவற்றை ஒன்றையொன்று நோக்கி இழுக்கிறது. மேல்மண் சுருங்கப் பார்க்கிறது. அடியில் இருக்கும் ஈரமண் விடுவதில்லை. இந்த இழுபறி மண்ணின் இழுவலிமையை, அதாவது இழுத்தால் பிய்யாமல் தாங்கும் வலிமையை, தாண்டும் இடத்தில் பிளவு விழுகிறது. ஆகவே வெடிப்பைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு: சுருக்கத்தைக் குறைக்கலாம், அல்லது மண்ணின் இழுவலிமையைக் கூட்டலாம்.

பாக்டீரியாவைத் தேர்ந்தெடுத்த காரணம்

மாணவிதான் இந்த யோசனையைக் கொண்டுவந்தார். ஸ்போரோசார்சினா பாஸ்டூரி என்பது மண்ணில் இயல்பாகவே வாழும் பாக்டீரியா. 2001 வரை பாசில்லஸ் பாஸ்டூரி என்று அழைக்கப்பட்டது. யூரியேஸ் என்ற நொதியை ஏராளமாக உண்டாக்கும். அந்த நொதி யூரியாவை உடைத்து அம்மோனியமும் கார்பனேட்டுமாக மாற்றும். பக்கத்தில் கால்சியம் இருந்தால் கார்பனேட் அதோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக, பெரும்பாலும் கால்சைட் படிகமாக, படியும். பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. கால்சியத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் படிகம் பல சமயம் அதன் மேலேயே வளர்ந்து, கடைசியில் அதையே மூடிவிடும்.

மணலில் இது நன்றாகவே வேலை செய்கிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 100 கன மீட்டர் மணலை இப்படி இறுக்கிக் காட்டி, 2010-ல் அந்த முடிவுகளை வெளியிட்டார்கள். களிமண் வேறு கதை. களித்துகள் 2 மைக்ரானுக்கும் சிறியது. அவற்றுக்கு இடையே இருக்கும் துளைகள் இன்னும் சிறியவை. இந்தப் பாக்டீரியாவின் நீளம் 1.3 முதல் 4 மைக்ரான். வாசலைவிட விருந்தாளி பெரிது. இறுகிய களிமண்ணுக்குள் இதைச் செலுத்த நினைப்பது வீண்.

ஆனால் வெடித்த களிமண்ணில் வெடிப்பே பாதை. சீனாவின் நாஞ்சிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று, காய்ந்து வெடித்த களிமண்ணின் மேல் இந்தக் கரைசல்களை ஊற்றி, நனைத்துக் காயவைக்கும் சுழற்சிகளில் வெடிப்பு குறைவதைக் காட்டி ஆய்வுகள் வெளியிட்டிருக்கிறது. மண்ணுக்குள் பாக்டீரியாவை நுழைக்க வேண்டாம், வெடிப்பின் சுவர்களில் இருந்தால் போதும் என்று முடிவு செய்தோம்.

தொடங்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தது நல்லதாயிற்று. ஒரு மீட்டர் நீளம், 5 மில்லிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் ஆழம் உள்ள வெடிப்பின் கொள்ளளவு அரை லிட்டர். லிட்டருக்கு அரை மோல் யூரியாவும் அரை மோல் கால்சியமும் (மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் வேதியியல் அலகு) உள்ள கரைசல் ஒரு லிட்டர் முழுக்க வினைபுரிந்தால் கிடைக்கும் கால்சியம் கார்பனேட் 50 கிராம். கால்சைட்டின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 2.71 கிராம்; அப்படியென்றால் கிடைப்பது சுமார் 18 மில்லிலிட்டர் கல். அரை லிட்டர் வெடிப்பை நிரப்ப 27 லிட்டர் கரைசல் வேண்டும். இது வெடிப்பை நிரப்பும் வேலையே இல்லை. சுவரில் பூசி, உதிர்மண்ணை ஒட்டவைக்கும் வேலை. உரிமையாளரிடம் இதை முதல் நாளே சொன்னோம். "அடைக்கிற மருந்து இல்ல, ஒட்டுற பசை, அப்படித்தானே?" என்று கேட்டுக்கொண்டார்.

முதல் சுற்று: தட்டுகளில்

கரையிலிருந்து எடுத்த மண்ணைப் பொடித்துச் சலித்து, கூழாகக் கரைத்து, தட்டுகளில் ஒரே கனத்துக்கு ஊற்றிக் காயவைத்தோம். பாக்டீரியாவை லிட்டருக்கு 20 கிராம் ஈஸ்ட் சாறும் 10 கிராம் அம்மோனியம் சல்பேட்டும் கொண்ட, பிஹெச் 9 அளவில் வைத்த ஊடகத்தில் 30 டிகிரி செல்சியஸில் குலுக்கி வளர்த்தார் மாணவி. இதற்குக் காரமான சூழல்தான் பிடிக்கும். நொதியின் வேகத்தைப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு: யூரியாவுக்கு மின்னூட்டம் இல்லை, உடைந்து வரும் அயனிகளுக்கு உண்டு. யூரியாக் கரைசலில் கொஞ்சம் வளர்ப்பு நீரை விட்டு, மின்கடத்துத்திறன் நிமிடத்துக்கு நிமிடம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தால் போதும். ஒவ்வொரு தொகுதியையும் இப்படிச் சோதித்த பிறகே பயன்படுத்தினோம். கலங்கலாக இருப்பதை வைத்து வேகத்தைச் சொல்லிவிட முடியாது. நன்றாகக் கலங்கிய ஒரு தொகுதி மந்தமாக இருந்ததால் கீழே கொட்டினோம்.

மூன்று தடுமாற்றங்கள்.

ஒன்று, எடை. அரை மோலுக்கு யூரியா 30 கிராம், கால்சியம் குளோரைடு 55.5 கிராம் என்று தாளில் இருந்தது. அந்த 55.5 நீரற்ற உப்புக்கான கணக்கு. எங்கள் புட்டியில் இருந்தது இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த வகை, அதற்கு 73.5 கிராம் எடுக்க வேண்டும். நாலு தட்டு முடிந்த பிறகுதான் மாணவி லேபிளை மறுபடி படித்தார். கால்சியம் கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்திருந்தது. அந்த நாலு தட்டுகளையும் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டு, கலக்கும் வரிசை. பாக்டீரியாவையும் யூரியா-கால்சியம் கரைசலையும் ஒரே குடுவையில் கலந்தபோது சில நிமிடங்களில் வெள்ளையாகத் திரிந்து கஞ்சிபோல ஆனது. ஊற்றினால் வெடிப்பின் வாயிலேயே தங்கியது, உள்ளே ஒன்றும் போகவில்லை. அதனால் முதலில் பாக்டீரியா, சில மணி நேரம் கழித்து யூரியா-கால்சியம் என்று பிரித்தோம்.

மூன்றாவதுதான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. பாக்டீரியா நீரை ஊற்றியதும் களிமண் ஊறி, வெடிப்பு கண்ணெதிரே மூடிக்கொண்டது. அடுத்த கரைசல் போக வழி இல்லை. வெடிப்பே பாதை என்று நம்பித்தான் வந்தோம். அந்தப் பாதை முதல் ஊற்றலிலேயே சாத்திக்கொள்கிறது. அளவைக் குறைத்தோம். ஒரே தடவையில் ஊற்றாமல், வெடிப்பின் விளிம்பு நனையும் அளவுக்கு மட்டும் விட்டு, மறுபடி வாய் திறக்கும் வரை காயவிட்டு, அப்புறம் அடுத்தது. மூன்று மடங்கு நேரம் ஆயிற்று. ஆனால் வெட்டிப் பார்த்தபோது வெள்ளைப் படிவு வெடிப்பின் ஆழத்தில் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. முன்பு அது உதட்டோடு நின்றிருந்தது.

வெறும் தண்ணீர் ஊற்றிய தட்டுகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அடுத்த முறை காய்ந்தபோது, பாக்டீரியா போட்ட தட்டுகளில் அகலமான வெடிப்புகள் காணாமல்போய், குட்டையான மெல்லிய விரிசல்கள்தான் இருந்தன. மேலிருந்து படமெடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, மொத்தப் பரப்பில் வெடிப்பின் பரப்பு எவ்வளவு என்று கணக்கிட்டோம். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மாணவி அன்றைக்கே அறிக்கையை எழுத ஆரம்பித்துவிட்டார். நானும் தடுக்கவில்லை.

உதவியாளரின் கேள்வி

தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த உதவியாளர் கேட்டார்: "சார், நீங்க ஊத்தினதுல பெரும்பங்கு உப்புதானே? பூச்சியே போடாம வெறும் உப்புத் தண்ணிய ஊத்தினா என்ன ஆகும்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை.

இது பெரிய தவறு, அதிலும் நான் செய்யக்கூடாத தவறு. ஊறிப் பெருகும் களிமண்ணின் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. அவற்றைச் சுற்றிச் சோடியம் அதிகமாக இருந்தால் நீர்ப்படலம் தடிமனாகி மண் நிறைய ஊறும், காயும்போது அதே அளவுக்குச் சுருங்கும். அந்தச் சோடியத்தை வெளியே தள்ளிவிட்டுக் கால்சியம் வந்து உட்கார்ந்தால் படலம் மெலிந்து, துகள்கள் திரண்டு, ஊறலும் சுருக்கமும் குறையும். மண் பொறியியலில் இது பாலபாடம். போதாததற்குக் கால்சியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மண் காய்வதே தாமதமாகும். முன்பு சொன்ன இரண்டு வழிகளில், சுருக்கத்தைக் குறைக்கும் வேலையை ஒரு பாக்டீரியாகூட இல்லாமல் உப்பே செய்யும். எங்கள் தட்டுகளில் எவ்வளவு உப்பின் வேலை, எவ்வளவு கால்சைட்டின் வேலை என்று சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை.

அறிக்கையை நிறுத்திவைத்தோம்.

இரண்டாம் சுற்று

இந்த முறை மூன்று வகை. 'அ' தட்டுகளில் வெறும் தண்ணீர். 'ஆ' தட்டுகளில் யூரியாவும் கால்சியம் குளோரைடும், பாக்டீரியா இல்லாமல். 'இ' தட்டுகளில் எல்லாம். ஊற்றிய நீரின் அளவும் காயவிட்ட நேரமும் மூன்றுக்கும் ஒன்றே.

முதல் முறை காய்ந்தபோது 'ஆ'வும் 'இ'யும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தன. 'அ' பாளமாக வெடித்துக் கிடந்தது. அறிக்கையை மாணவி மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். யாரும் எதுவும் பேசவில்லை.

உடனே விட்டுவிடாமல், எல்லாத் தட்டுகளையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, மறுபடி காயவைத்தோம். கரையில் நடக்கப்போவதும் இதுதானே. இரண்டாவது, மூன்றாவது சுழற்சிகளில் பாதைகள் பிரிந்தன. 'ஆ' தட்டுகளில் வெடிப்பு மெல்ல அகன்றது. களித்துகளில் ஒட்டிய கால்சியம் அவ்வளவு சுலபமாகப் போகாது, அதனால் 'அ' அளவுக்கு மோசமாகவில்லை. ஆனால் சும்மா கரைந்திருந்த உப்பு கழுவப்பட்டதும், ஈரம் பிடித்துவைத்த பலன் போய்விட்டது. 'இ' தட்டுகளில் பழைய வெடிப்புகள் பெரும்பாலும் திறக்கவில்லை. கால்சியம் கார்பனேட் அமிலம் பட்டால் நுரைக்கும். நீர்த்த அமிலத்தில் ஒரு சொட்டு விட்டதும் பழைய வெடிப்பு இருந்த கோட்டின் மேல் மட்டும் நுரைத்தது, பக்கத்து மண்ணில் நுரை இல்லை. கத்தியால் மெல்லச் சுரண்டினால், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் ஒட்டும் வெள்ளைப் படிவு போல ஓர் ஏடு. அதில் மண்துகள்கள் பதிந்திருந்தன.

ஆக, முதல் சுற்றில் நாங்கள் பாக்டீரியாவின் கணக்கில் எழுதிய லாபத்தில் பெரும்பகுதி உப்பினுடையது. பாக்டீரியாவின் பங்கு அதைவிடச் சிறியது, ஆனால் கழுவினாலும் நிற்கக்கூடியது. நீரில் மூழ்கி எழும் கரைக்கு நிற்கிற பங்குதான் முக்கியம் என்பதால் அடுத்த கட்டத்துக்குப் போவதென்று முடிவு செய்தோம். 'இ' தட்டுகளில் இன்னொன்றையும் பார்த்திருந்தோம்: ஒட்டிய கோட்டுக்கு ஒரு விரலகலம் தள்ளி, அதற்கு இணையாக, மெல்லிய புது விரிசல்கள். அப்போது அதைக் குறித்து வைத்தோமே தவிரப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கரையில் செய்தது

மிக வெடித்திருந்த பட்டையில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று துண்டுகள்: அ, ஆ, இ. கூடவே குழாயைச் சுற்றியுள்ள வளையம் முழுவதும் 'இ' முறை. குழாய் இரும்பாக இருந்திருந்தால் அங்கே தொட்டிருக்கமாட்டோம்; குளோரைடு இரும்பைத் தின்னும்.

கொண்டுபோன தெளிப்பான் அரை மணி நேரத்தில் அடைத்துக்கொண்டது. பாக்டீரியா நீரைத் தெளித்துவிட்டு, சரியாக அலசாமல் அதே தொட்டியில் கால்சியம் கரைசலை ஊற்றியிருக்கிறோம். தெளிப்பானின் மூக்குக்குள்ளேயே கல் உருவாகிவிட்டது. ஊசியால் குத்திப் பார்த்தும் வழி விடவில்லை. உரிமையாளர் கொண்டுவந்து கொடுத்த இரண்டு பூவாளிகளில்தான் மீதி வேலை நடந்தது. ஒன்றில் சிவப்புக் கயிறு கட்டிப் பாக்டீரியாவுக்கு, கயிறு கட்டாதது உப்புக்கு. அப்புறம் ஒரு சிக்கலும் இல்லை.

கால்சியம் குளோரைடு கரையும்போது சூடாகும். நீரற்ற வகையில் வாளியைத் தொட முடியாத அளவுக்கு ஏறும். கரைத்து, ஆறவைத்து, பிறகே ஊற்றினோம். காலையில் பாக்டீரியா, மதியத்துக்கு மேல் உப்பு, இடையே வெடிப்பு மறுபடி வாய் திறக்கும் வரை காத்திருப்பது என்று பல நாட்கள் ஓடின.

நாங்கள் எதிர்பார்த்ததைவிடப் பெரிய தொல்லை அம்மோனியா. ஒரு யூரியா மூலக்கூறு உடைந்தால் இரண்டு அம்மோனியம். லிட்டருக்கு அரை மோல் யூரியா என்றால் ஒரு மோல் அம்மோனியம், அதாவது 18 கிராம். பிஹெச் 9-ஐத் தாண்டினால் அதில் கணிசமான பங்கு அம்மோனியாவாக மாறி, வாயுவாகக் கிளம்பத் தொடங்கும். மூடிய ஆய்வகத்தில் விசிறி ஓடியதால் இது உறைக்கவில்லை. கரையில் காற்று நின்ற ஒரு சாயங்காலம் கண் எரிந்தது. உரிமையாளர் தூரத்திலிருந்தே மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னம்மா, மாட்டுத் தொழுவம் மாதிரி நாறுது, இதுவா மருந்து?" என்று மாணவியைக் கேட்டார்.

நாற்றம் போகட்டும். குட்டையில் மீன் இருந்தது. அம்மோனியா மிகக் குறைந்த அளவிலேயே மீனைக் கொல்லும். சரிவின் அடியில் சிறு வாய்க்கால் வெட்டி, பிளாஸ்டிக் விரித்து, வழிந்து வந்ததைப் பீப்பாயில் பிடித்தோம். ஊற்றல் முடிந்ததும் துண்டுகளை இரண்டு முறை நல்ல தண்ணீரால் அலசி, அதையும் பிடித்தோம். அந்த நீரில் தழைச்சத்து நிறைய இருந்தாலும் குளோரைடும் அதே அளவு நிறைய இருந்ததால், பயிருக்கு விடலாமா என்று உரிமையாளர் கேட்டபோது வேண்டாம் என்றோம். பலமடங்கு நீர்த்து, தள்ளியிருந்த புல்வெளியில் பரவலாகச் சிந்தினோம். அலசியும் மிஞ்சியது எவ்வளவு குட்டைக்குள் போனது என்று அளக்கவில்லை. மீன் எதுவும் செத்து மிதக்கவில்லை என்பது மட்டும் தெரியும். அதை அளவீடு என்று சொல்ல மாட்டேன்.

தண்ணீர் ஏறி இறங்கிய பிறகு

குட்டை நிரம்பி, மறுபடி மட்டம் இறங்கியதும் மூன்று துண்டுகளையும் பார்த்தோம். 'அ' துண்டு பழையபடியே. 'ஆ' துண்டில் வெடிப்பு கொஞ்சம் ஒடுக்கம், ஆனால் கம்பி கிட்டத்தட்ட அதே ஆழத்துக்குப் போனது. 'இ' துண்டில் பழைய வெடிப்புகளில் பெரும்பாலானவை மூடியே இருந்தன. திறந்த இடங்களில் கம்பி பாதி ஆழத்தில் தட்டி நின்றது.

இரண்டாவது முறை மட்டம் இறங்கியபோது, தட்டில் நாங்கள் அலட்சியப்படுத்திய இணை விரிசல்கள் கரையிலும் வந்தன. ஒட்டிய கோடு சுற்றியுள்ள மண்ணைவிட வலிமையாகிவிட்டது. இழுவிசை பக்கத்தில் பலவீனமான இடத்தைத் தேடிக்கொண்டது. சிமென்ட் பால் ஊற்றியபோது உரிமையாளர் பார்த்ததும் இதேதான், மெல்லிய வடிவத்தில். கால்சைட் படிவு சிமென்ட் அளவுக்குத் தடிமன் இல்லாததால் இந்தப் புது விரிசல்கள் குறுகலாகவும் ஆழம் குறைந்தும் இருந்தன. உரிமையாளர் குனிந்து பார்த்துவிட்டு, "இத நான் மொத நாளே சொன்னேன் சார்" என்றார். சொன்னார்தான்.

குழாயைச் சுற்றிய வளையம் நன்றாக இருந்தது. கரையின் வெளிச்சரிவில், குழாய் வெளியே வரும் இடத்தில் முன்பெல்லாம் குட்டை நிரம்பும்போது ஈரம் கசியும். அந்த முறை காய்ந்தே இருந்தது. ஆனால் அந்த முறை குட்டை வழக்கத்தைவிட மெதுவாகத்தான் நிரம்பியது. மெதுவாக ஏறினால் களிமண்ணுக்கு ஊறி மூட அவகாசம் கிடைக்கும். உப்பின் வேலையைப் பாக்டீரியாவின் கணக்கில் எழுதிய அனுபவம் ஒருமுறை போதும். இதைப் பாக்டீரியாவின் வெற்றி என்று அறிக்கையில் எழுதவில்லை.

எடுத்த முடிவு

கரை முழுக்கப் பாக்டீரியா போடுவதில்லை என்று முடிவானது. காரணங்கள் மூன்று: அம்மோனியாவை அவ்வளவு பெரிய பரப்பில் பிடிக்க முடியாது, வெடிப்பு ஊறி மூடுவதற்குள் தவணை தவணையாக ஊற்றும் வேலைக்கு ஆள் நாள் கணக்கே இல்லை, இணை விரிசல் திரும்பத் திரும்ப வந்தால் திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும். குழாய் வளையத்தில் மட்டும் 'இ' முறையைத் தொடர்வது என்று வைத்துக்கொண்டோம். இடம் சிறியது, பின்விளைவு பெரியது, வழிவதைப் பிடிப்பதும் சுலபம்.

மீதிச் சரிவுக்கு மணலும் சரளையும் கலந்த ஒரு படலத்தைப் பரப்பச் சொன்னோம். அது களிமண் காயும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அதில் புதுமை எதுவும் இல்லை. மாணவிக்கு இது ஏமாற்றம். பாக்டீரியாவைப் பற்றி ஆரம்பித்த வேலை சரளையில் முடிந்தது.

மறுபடி செய்தால்

முதல் நாளே 'ஆ' தட்டை வைப்போம். அதோடு நிறுத்தவும் மாட்டோம். பாக்டீரியா வளர்ந்த ஊடகத்தில் ஈஸ்ட் சாறு முதலான கரிமப் பொருட்கள் இருக்கின்றன. பாக்டீரியாவே பிசுபிசுப்பான படலத்தைச் சுரக்கும். இவையும் மண்ணை ஒட்டும். சூடாக்கிக் கொன்ற பாக்டீரியா ஒரு தட்டு, வெறும் ஊடகம் ஒரு தட்டு, உயிருள்ள பாக்டீரியாவைக் கால்சியம் இல்லாமல் போட்ட ஒரு தட்டு என்று வைக்காமல், 'இ' தட்டின் பலன் முழுக்கக் கால்சைட்டால் வந்தது என்றும் சொல்ல முடியாது.

கரைசலின் செறிவைக் குறைத்து, அதிகத் தவணைகளில் கொடுத்துப் பார்ப்போம். தடிமனான ஒரே ஏட்டுக்குப் பதிலாக மெல்லிய படிவு பரவலாக விழுந்தால், ஒட்டிய கோட்டுக்கும் பக்கத்து மண்ணுக்கும் வலிமை வேறுபாடு குறையும், இணை விரிசலும் குறையலாம். வெளியிலிருந்து பாக்டீரியா கொண்டுபோகாமல், மண்ணில் ஏற்கெனவே இருக்கும் யூரியாவை உடைக்கும் வகைகளுக்குத் தீனி போட்டு வளர்க்கும் முறையும் உண்டு. வேகம் குறைவு, அதனாலேயே கரைசல் வெடிப்பின் வாயில் அடைக்காமல் ஆழத்துக்குப் போக வாய்ப்பு அதிகம்.

குளோரைடுக்குப் பதில் கால்சியம் அசிடேட்டை முயல்வோம். அம்மோனியாவை நாற்றத்தை வைத்து ஊகிக்காமல், குட்டை நீரில் தொடங்கும் முன்பும் முடிந்த பிறகும் அளப்போம். குட்டை எத்தனை நாளில் நிரம்புகிறது என்பதைத் தினம் ஒரு கோலில் குறித்து வைக்கச் சொல்லி உரிமையாளரிடம் கொடுத்திருக்கிறோம். அடுத்த முறை குழாய்க்கு வெளியே ஈரம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அந்தக் கோலின் குறிப்போடு சேர்த்துத்தான் படிக்கப்போகிறோம்.